புயலிலும் திறந்திருந்த லாட்ஜ்

அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பலுக்கான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் கொழுந்தனிடம் சொன்னாள்: "புயல்ல தீவே மூடிக் கிடந்துச்சு. நம்ம லாட்ஜ் மட்டும் திறந்திருந்துச்சு."

"லைட்டே இல்ல, கப்பலும் பந்த். எப்படி மதினி?"

"லாட்ஜோட புது வெப்சைட்டைச் சொல்றேன். உன் வீட்டுலயே கம்ப்யூட்டர் வச்சு ஓட்டலாம்னு ஒத்தக்கால்ல நின்ன, பின்னறையக்கூட காலி பண்ணுன. நான்தான் மெயின்லேண்ட்ல, சென்னைப் பக்கம், ஒரு கம்பெனியோட கம்ப்யூட்டர்ல அதுக்கு வாடகைக்கு இடம் பிடிச்சேன்."

"சொந்தமா இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்."

"லைட் போனா அதுவும்தான படுத்திருக்கும். நேத்து நெட் வந்ததும் போனைப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு எல்லா ரூமும் புக்காயிருச்சு."

"எல்லாமா? என் மாமனார் வீட்டுக்காரங்க வர்றாங்களே, மதினி."

"வரட்டும். உன் பின்னறை காலியாத்தான கிடக்கு."