சுவருக்கு அங்கால சிக்னல்

இல்லை பாஹிம் தம்பி, வைஃபை ரவுட்டர் முன் ஹோலில வேண்டாம். ஓம், நடுவில வைச்சால் வீடு முழுக்கப் பிடிக்கும்தான். எனக்கு வீடு முழுக்கத் தேவையில்லை. இந்த அறைக்குள்ள வாங்கோ. அலுமாரியை நானே இழுத்து வைச்சிட்டன், பாருங்கோ. ரவுட்டரை இந்தச் சுவரோட ஒட்டி வையுங்கோ. வயர் காணாட்டி இன்னும் கொஞ்சம் இழுங்கோ.

ட்ரில் போடாதேங்கோ. கதைக்கிறதும் கொஞ்சம் மெதுவா.

அங்காலயோ? அது பக்கத்து வீட்டு அறை. அதுக்குள்ள பிடிக்கோணும். ஓம், ஷெயார் பண்ணத்தான். அங்கயும் கனெக்‌ஷன் இருக்குது, ஆனா அந்த வீட்டுக்காரன் வேலைக்குப் போகேக்க ரவுட்டரையும் கழட்டிப் பையில வைச்சுக்கொண்டு போறான். சிரிக்காதேங்கோ, உண்மையாத்தான்.

பாஸ்வேர்ட் வேண்டாம். திறந்து விடுங்கோ. தெரியும், கீழ் மாடிப் பெடியள் படம் இறக்குவாங்கள். இறக்கட்டும். பாஸ்வேர்டை அங்கால சொல்ல எனக்கு வழியில்லை. வாசலுக்கு ஒரு பூட்டு, அந்த அறைக்கு ஒரு பூட்டு. சுவரில தட்டினால் கேக்கும், சொல்லு விளங்காது.

வைஃபைக்குப் பேர் வைக்கோணுமோ? அதுதான் முக்கியம், அங்கால அதைத்தான் வாசிக்கலாம். இங்கிலீஷ் எழுத்தில அடியுங்கோ. 'மிதுனா அண்ணாக்குக் கோல் எடு'. ஓம், அப்பிடியே. எனக்கு விசர் எண்டு நினைக்கிறீங்கள் போல. மிதுனா உள்ளுக்கு இருக்கிறாள், தம்பி. அவளின்ர போனை அவன் பறிச்சுப் போட்டான். சிம் இல்லாத டெப்லெட் ஒண்டு கிடக்கு. நெட் இல்லாம அதால என்ன செய்யப் போறாள் எண்டு விட்டு வைச்சிருக்கிறான்.

தமையனுக்குச் சொன்னனான். லோகேஸ்வரன் எண்டு, கொட்டாஞ்சேனையில இருக்கிறார். அவர் நம்பேல்லை. தங்கச்சியும் புருஷனும் நுவரெலியாவில சந்தோஷமா நிக்கினமாம், நேற்றும் மெசேஜ் போட்டவளாம். அந்த மெசேஜ் ஆர் போடுறதெண்டு நான் சொல்ல, குடும்பத்தைக் குழப்பாதேங்கோ மாமி எண்டிட்டு வைச்சிட்டார். அவளின்ர முகத்தைக் கண்டால்தான் நம்புவார்.

பச்சை லைட் வந்திட்டுதோ? சரி, விலகுங்கோ, நான் தட்டுறன்.

திருப்பித் தட்டுறாள். உங்கட போனில பாருங்கோ, எத்தினை பேர் ஏறியிருக்கினம்? ஒண்டோ. அது நீங்கள்தானே. பொறுங்கோ, அவள் பார்ப்பாள்.

ஷ்... லிஃப்ட். அவன் வாற நேரமில்லை, எண்டாலும் சொல்லேலாது. கதைக்காதேங்கோ.

மேல போகுது.

என்ன, ரெண்டோ? காட்டுங்கோ. கீழ் வீட்டுப் பெடியளோ தெரியாது. டெப் எண்டு போட்டிருக்கோ? அப்ப அவள்தான். தம்பி, அந்தக் கதிரையை இஞ்சால தாங்கோ, சுவரோட இருந்து கேக்கப் போறன்.

கேக்குதோ? ஆரோடயோ கதைக்கிறாள். அழுகிறாள் பிள்ளை. அழட்டும், அண்ணன் பார்க்கட்டும்.

என்ர போன் அடிக்குது. ஹலோ. ஓம், லோகேஸ். பார்த்தீங்களோ. அதெல்லாம் பிறகு கதைப்பம், இப்ப வெளிக்கிடுங்கோ. மரைன் ட்ரைவ் கடற்கரை ரோட்டால வாங்கோ, காலி வீதியில இப்ப ட்ராஃபிக் நகராது. பூட்டு உடைக்க ஆக்களோட வாங்கோ. நான் இஞ்சதான் நிப்பன்.

வாறாராம். தம்பி, அந்தப் பேரை இப்ப மாத்தி விடுங்கோ, அவன் வந்து போனைத் திறந்தால் கண்டிடுவான். கனெக்‌ஷன் அறுந்தாலும் பரவாயில்லை, அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டாள்.

பிறகு நீங்கள் உடன போகாதேங்கோ, என்ன. தேத்தண்ணி போடுறன். லோகேஸுக்கு முந்தி அவன் வந்தால் தனிய நிக்க எனக்குப் பயமாக் கிடக்கு. இல்லை, உங்களுக்கு ஒண்டும் செய்யான். பிறத்தி ஆக்களுக்கு முன்னால நல்ல பிள்ளை. சின்னனில இருந்தே அப்பிடித்தான், என்ர மகன்.