இரவல் கோட்டு

சைகோனில் பிரெஞ்சுக்காரர் அலுவலகத்தில் விசா வரிசையில் நின்றேன். கைநாட்டாக வந்து சோலோன் கடைத்தெருவில் இரண்டு துணிக்கடை போட்டவன் நான். பக்கத்தில் ஏழைப் பிரஜைகளுக்கான இலவச அரிசி வரிசையில் ஒருநாளும் நின்றதில்லை. அதில் ஒரு காரைக்கால் தம்பதி. மனைவி இருமிக்கொண்டே பேசினாள்.

“அந்த இரவல் கோட்டக் கழட்டுங்க.”

“நான் பிரெஞ்சுப் பிரஜை புள்ள. கோட்டு இல்லாமப் போனா துரை என்ன நெனைப்பான்?”

“ஏழைன்னு நெனைப்பான். அதுக்குத்தானே வந்தோம்? அரிசி கெடக்கட்டும், எனக்கு ஆஸ்பத்திரிச் சீட்டாவது வேணாமா?”

“மரியாதையாப் போனா மரியாதையாத் தருவான்.”

காவல்காரன் கோட்டைப் பார்த்தான். துரையைக் கூப்பிடுவதுபோல் “முசியே” என்று குனிந்து, விசா வரிசையைக் காட்டினான். அந்த மடையர் மறுக்காமல் என் பின்னால் வந்து நின்றார்.

அரிசி வரிசைச் சன்னலில் குமாஸ்தா அவளிடம், பிரஜையான புருஷன் வந்தால்தான் சீட்டு, அவர் எங்கே என்று கேட்டார். அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.