ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்

எங்கள் அலுவலகத்தில் ஏசி எப்போதும் பதினெட்டில்தான் ஓடும். கணினிகளுக்குக் குளிர் வேண்டுமாம். எங்களுக்கு ஸ்வெட்டர் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் விசாரணை அறை வசதியாக இருக்கிறது, மேடம். ஜன்னல் இருக்கிறது. ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து மூன்று வருடம் பூமியைப் பார்த்தவளுக்கு இது பெரிய விஷயம்.

நீங்கள் தட்டச்சு செய்து கையெழுத்துக்குக் கொடுத்த வாக்குமூலத் தாளை இரண்டு தடவை படித்தேன். எழுத்துப்பிழை நான்கு. அதை விடுங்கள். ஆறாவது வரியில் 'கவனக்குறைவினால்' என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் உங்களிடம் வெள்ளைத்தாள் கேட்டேன்.

என் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தச் சொல்லுதாம்மா உன்னைக் காப்பாத்தப்போகுது. அதைப் போய் அடிக்கிறியே" என்றார். காப்பாற்றுகிற சொல்லை அவர் தேடட்டும். நடந்ததை நான் எழுதுகிறேன்.

முதலில் என் வேலை. அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. செயற்கைக்கோள் அனுப்பும் படங்களை வைத்து, காடு எவ்வளவு குறைந்தது, எந்த ஏரி சுருங்கியது, எது மண் நிரம்பி மேலே வருகிறது என்று கணக்கிடுவது. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா அக்கம்பக்கத்தில் 'போட்டோ எடுக்கிற ஆபீஸ்' என்று சொல்லிவைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருக்காரர் கல்யாண ஆல்பத்துக்கு விலை விசாரிக்க வந்துவிட்டார். அக்கா சிரித்து உருண்டாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு உள்ளே எரிந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

மேட்டு ஏரிக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவில் காடு எப்படிக் கரைந்துகொண்டு வருகிறது என்று பதினெட்டு வருடப் படங்களை அடுக்கி முதலில் காட்டியது நான். மரம் போனதால் மண் வந்தது, மண் வந்ததால் ஏரியின் ஆழம் குறைந்தது, அதனால் கொஞ்சம் மழைக்கே தண்ணீர் கரையை முட்டுகிறது. இவ்வளவும் என் பதினோரு மாத உழைப்பு. எங்கள் பிரிவுத் தலைவர் அதை ஒரு சர்வதேச மாநாட்டில் தன் பெயரில் வாசித்தார். கடைசித் திரையில் நன்றி சொல்லியிருந்தார். படங்களைப் பதிவிறக்கிக் கொடுத்த உதவியாளருக்கு நன்றி. அந்த உதவியாளர் நான்தான்.

நான் போய்க் கேட்டேன். "என்னம்மா, டீம்ல உன்னுது என்னுதுன்னு உண்டா?" என்றார். உண்டு, சார். மாநாட்டுக்கு விமானம் ஏறியது நீங்கள் மட்டும்தானே. இதை வாயால் சொல்லவில்லை. மூன்றே மாதத்தில் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்த வேலை என்னுடையது.

பிறகு ரேடார் படங்களுக்கு மாறினேன். ரேடாருக்கு வெளிச்சம் வேண்டாம், மேகமும் தடையில்லை. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் கடக்கும். இரண்டு கடப்புகளை ஒப்பிட்டால் தரை எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். மேட்டு ஏரியின் கரை ஒன்பது மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

வாராந்திரக் கூட்டத்தில் சொன்னேன். என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அது கரையில இருக்கிற புதர் ஆடுறது. வெறும் இரைச்சல். முதல் தலைமுறையா படிச்சு வர்றவங்களுக்கு ஆர்வம் ஜாஸ்தி. எதைப் பார்த்தாலும் பூதமாத் தெரியும்" என்றார். பதிமூன்று பேர் சிரித்தார்கள். அதில் பாதிப்பேர் என்னைப் போல வந்தவர்கள்தான். அவர்கள்தான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தார்கள்.

அடுத்த கடப்பில் பதினொன்று. அதற்கடுத்ததில் பதினேழு. நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கடுத்ததில் ஐம்பத்தெட்டு.

இங்கே ஒரு நடைமுறையை விளக்க வேண்டும். ஒரு கடப்புக்கு இருபது மில்லிமீட்டருக்கு மேல் எது இறங்கினாலும் எங்கள் கணினியே அணைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எச்சரிக்கை அனுப்பிவிடும். அது பிரிவுத் தலைவரின் பெயரில் போகும். ஆனால் அடர்ந்த மரங்கள் இருக்கும் இடத்தில் இந்த அளவு சரியாக வராது. அந்த இடங்களை நாங்கள் மறைத்துவிடுவோம். மறைத்த பகுதி பாதாளத்துக்கே இறங்கினாலும் கணினி கண்டுகொள்ளாது. எதை மறைப்பது என்பதைப் படத்தைக் கையாளுகிறவர் முடிவு செய்யலாம். மேலே யாரும் பார்ப்பதில்லை.

அன்று படம் காலை பதினோரு மணிக்கு இறங்கியது. கணினி தன் சோதனையை ஓட்டுவது மாலை ஐந்துக்கு. நடுவில் ஆறு மணி நேரம். கவனக்குறைவு என்கிறீர்களே, மேடம், அந்த ஆறு மணி நேரத்தில் மூன்று தடவை கணக்கைத் திருப்பிப் போட்டேன். மூன்று தடவையும் ஐம்பத்தெட்டு. கரை ஏழு முதல் பன்னிரண்டு நாளுக்குள் தெற்கு மதகின் அருகே உடையும் என்று ஒன்பது பக்க அறிக்கை எழுதினேன். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஒரு பொதுக் காப்பகம் இருக்கிறது. அங்கே அறிக்கையைப் போட்டு முப்பது நாளுக்குப் பூட்டிவைக்கலாம். தேதி பதிவாகிவிடும், போட்டவரே நினைத்தாலும் ஓர் எழுத்தை மாற்ற முடியாது. அங்கே போட்டேன். ஒரே பெயர், என் பெயர். அதன் பிறகு, நாலே முக்காலுக்கு, கரை முழுவதையும் மறைத்தேன்.

ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. அவசரத்தில் கை தவறியிருக்கும் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எச்சரிக்கை போனால் என்ன ஆகும்? கீழே இருக்கும் குடியிருப்பைக் காலி செய்வார்கள். மதகைத் திறந்து தண்ணீரை வடிப்பார்கள். கரை உடையாது. உடையாத கரையைக் காட்டி, 'நான் சொன்னேன் பார்' என்று யாரிடம் சொல்வது? இரண்டே வழிதான். ஒன்று, அது மறுபடியும் புதர் ஆடிய இரைச்சல். இல்லையென்றால் தலைவர் காப்பாற்றிய ஊர். இரண்டிலும் நான் பதிவிறக்கிக் கொடுத்த உதவியாளர்.

மூன்றாம் நாள் களத்துக்குப் போனேன். படத்தில் பார்த்ததைத் தரையில் சரிபார்ப்பது எங்கள் வேலையில் ஒரு விதி. பெரும்பாலும் அதற்கான களத்தாள்களை அலுவலகத்திலேயே உட்கார்ந்து நிரப்பிவிடுவார்கள். நான் அப்படிச் செய்ததில்லை. ஜீப் ஓட்டுநர் அண்ணன் வழியெல்லாம் கிண்டல்.

"மேலேர்ந்து பார்த்தா எறும்பு கூடத் தெரியும்கிறீங்க. அப்புறம் எதுக்கு மேடம் இந்தக் குண்டு குழியில என் முதுகை ஒடைக்கிறீங்க?"

"மேலேர்ந்து பார்க்கிறதை யாரும் நம்பமாட்டேங்கிறாங்கண்ணே."

"கீழேர்ந்து சொன்னா மட்டும்?"

நல்ல கேள்வி.

தெற்கு மதகின் பக்கத்தில் விரிசல் இருந்தது. கையை விட்டேன், மணிக்கட்டு வரை போனது. உள்ளே ஈரம். என் கணக்கில் பிழையே இல்லை என்று தெரிந்ததும் வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட அப்படி இருந்ததில்லை. படித்துறையின் கீழ்ப்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, கரை நல்லா இருக்கா?" என்றாள்.

"பார்த்துக்கிட்டிருக்கோம்க்கா" என்றேன்.

உண்மைதானே. களத்தாளில் 'விரிசல்' என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டேன். விரிசல் இல்லை என்று எழுதியிருக்கலாம். பொய் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. தலைவர் மறுநாள் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார், படிக்காமல். வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள்.

கரைக்குக் கீழே இருந்த குடியிருப்பில்தான் என் அக்கா இருந்தாள், ஆறு வயது மகளோடு. அத்தான் வெளியூரில் வேலை. நான் படிப்பதற்காகப் பத்தாவதோடு நின்றவள் அக்கா. அன்று சாயங்காலமே போன் செய்தேன். "அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கு. பத்து நாள் வந்து இரு" என்றேன். உடனே ஒத்துக்கொண்டாள். பிறகு, "பக்கத்து வீட்டு அக்காவும் கண் ஆஸ்பத்திரிக்கு வரணும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்கடி. ரெண்டு புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு என்கூட வரட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம், வீட்ல இடம் இல்ல" என்றேன்.

எங்கள் வீட்டில் இரண்டு அறைதான். அதுவும் பொய் இல்லை.

ஒன்பதாம் நாள் காலை பத்து நாற்பதுக்குக் கரை உடைந்தது. தெற்கு மதகிலிருந்து பதினான்கு மீட்டர் தள்ளி. செய்தி வந்ததும் தலைவர் என் மேஜைக்கு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"என்னம்மா இது, நம்ம மேப்ல ஒண்ணுமே காட்டலியே?"

"கரையை மறைச்சிருக்கு, சார்."

"யார் மறைச்சது?"

"நான்தான்."

கண்ணாடியைக் கழற்றினார். பிறகு என் தோளில் தட்டி, "சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிட்டே. அனுபவம் பத்தாது. நான் பேசிக்கிறேன், விடு" என்றார். உங்களிடமும் அதையே எழுதிக் கொடுத்திருக்கிறார், படித்தேன். 'இவருக்கு ரேடார் தரவைப் புரிந்துகொள்ளும் திறன் இல்லை.' என் காட்டை எடுத்துக்கொண்டார். இப்போது இதையும் என்னிடமிருந்து எடுக்கப் பார்க்கிறார். எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். அதற்கு முன் நான் செய்ததெல்லாம் நிதானமாகச் செய்தது.

காப்பகத்தில் இருக்கும் அறிக்கை வரும் வியாழக்கிழமை திறக்கும். அதன் எண்ணை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எந்த நிபுணரை வேண்டுமானாலும் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள், அவரைத் தவிர. தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று உலகம் கேட்கும் என்பதை யோசிக்காமல் இல்லை. பதிலும் வைத்திருக்கிறேன். ஒன்பது மில்லிமீட்டரில் சொன்னேனே. அப்போது சிரித்த பதிமூன்று பேரையும் வரிசையில் நிறுத்தி முதலில் அவர்களைக் கேளுங்கள்.

ஆகவே ஆறாவது வரியை இப்படித் திருத்துங்கள்: கரை உடையும் என்று எனக்குத் தெரியும், எந்த இடத்தில் என்று தெரியும், ஏறத்தாழ எந்த நாள் என்றும் தெரியும். கீழே ஆட்கள் இருப்பதும் தெரியும். எச்சரிக்கை போகாமல் நான்தான் நிறுத்தினேன். நாற்பத்து மூன்று பேர் இறந்தார்கள். கை தவறவில்லை. இதற்கு எந்தத் தண்டனை உண்டோ அதைக் கொடுங்கள். திறன் இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.

நேற்று அக்கா இங்கே என்னைப் பார்க்க வந்தாள். நீங்கள்தான் பத்து நிமிடம் அனுமதித்தீர்கள். வந்ததும் அம்மாவின் காலைப் பற்றித்தான் பேச்செடுத்தாள்.

"அம்மா காலு வீங்கவே இல்லையே, அன்னிக்கு ஏண்டி அப்படிச் சொன்னே?"

நான் அவளை உட்காரச் சொன்னேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா. ஒன்பது நாளுக்கு முன்னாடியே" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரேடார் எப்படிக் கடக்கிறது, இரண்டு படங்களை எப்படி ஒப்பிடுவது, ஒன்பது, பதினொன்று, பதினேழு, ஐம்பத்தெட்டு, மறைப்பு என்றால் என்ன, விரிசலில் கை எதுவரை போனது. அவளுக்குப் புரியும்படி மேஜைமேல் விரலால் வரைந்தும் காட்டினேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பக்கத்து வீட்டு அக்கா..." என்று மட்டும் ஒருதரம் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, சுவரோரம் போய் நின்று, அந்தப் பத்து நிமிடம் முடியும்வரை என்னைத் திரும்பிப் பார்க்காமல் அழுதாள்.

என் வேலை என்ன என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கு முழுதாகப் புரிந்தது நேற்றுதான்.