பச்சைப் பொத்தான்

நான் கொண்டுவரும் எலுமிச்சை சாதம் இந்தப் பட்டறையில் பிரசித்தம். நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எழுதலாம், முருகானந்தம் சார். விசாரணை அதிகாரி தமிழர் என்று தெரிந்ததுமே எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. கல்கத்தாவுக்கு வந்து முப்பது வருஷமாகியும் என் வங்காளத்தைக் கேட்டால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

என் பெயர் பிரியம்வதா. வீடு லேக் கார்டன்ஸில். துறைமுகத்தில் வேலை பார்த்த என் கணவர் காலமான பிறகு, கார்டன் ரீச்சில் ஆற்றோரம் இருக்கும் இந்தச் சின்னப் படகுப் பட்டறையில் வருகைப் பதிவு எழுதச் சேர்ந்தேன். பிறகு கேமராக்கள் வந்தன. ஹெல்மெட் போடாதவரையும், பாதுகாப்பு வாரின் கொக்கியைக் கம்பியில் மாட்டாமல் உயரத்தில் நிற்பவரையும் கேமராவே கண்டுபிடித்து, சுற்றிலும் சிவப்புக் கட்டம் போட்டு என் மேஜைத் திரைக்கு அனுப்பும். உண்மை என்றால் நான் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். கேமரா தவறாகப் பார்த்திருந்தால் பச்சை. மூன்று சிவப்பு விழுந்தவர் ஒரு வாரம் உள்ளே வரக்கூடாது.

கேமராவைப் பொருத்த வந்தவள் தீப்தி. பவானிபூரில் வளர்ந்த தமிழ்ப் பெண்.

"இதே டெக்னாலஜிதான் ஆன்ட்டி, தேயிலைல குச்சி பொறுக்குது. ஆஸ்பத்திரில கண்ணைப் படம் பிடிச்சுப் பார்த்து சுகர் எவ்வளவு கெடுத்திருக்குன்னு சொல்லுது. தண்டவாளத்துல வெடிப்பு கண்டுபிடிக்குது. இங்க மனுஷங்களைப் பார்த்துக்கும்."

"என்னை மாதிரின்னு சொல்லு."

"உங்களை மாதிரியேதான். நீங்கதானே அதுக்கு டீச்சர்!"

அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை வந்தது. நம் ஆயுத பூஜை மாதிரிதான். வெல்டிங் மெஷினுக்குக்கூட மாலை போட்டார்கள். கேமராவை யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ஏணியில் ஏறி, அதற்கு நெற்றி எது என்று தெரியாமல், கண்ணாடியின் நடுவிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன். யாரும் துடைக்கவில்லை. இரண்டு நாள் ஒரு சிவப்பும் இல்லை. பட்டறை முழுக்கப் பாட்டும் சிரிப்பும்தான். மூன்றாம் நாள் மானேஜர் துடைக்கச் சொன்னார்.

அன்று பெயின்டர் ரத்தன் மண்டல் என் மேஜைக்கு வந்தான். இங்கே எல்லோரும் என்னை மாஷிமா என்றுதான் கூப்பிடுவார்கள், சித்தி என்று அர்த்தம். அவன் கணக்கில் ஏற்கெனவே இரண்டு சிவப்பு. தோளில் பழைய காயம். கொக்கி மாட்டினால் வார் தோளை இழுத்து வலி தாங்காது.

"மாஷிமா, நீங்க பொட்டு வெச்சதும் தெய்வம் கண்ணை மூடிக்கிச்சு. இன்னும் கொஞ்ச நாள் மூடி வெக்கக் கூடாதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மதியமே அவன் கொக்கி மாட்டாமல் நிற்கும் படம் திரைக்கு வந்தது. நான் சாமியை நினைத்துக்கொண்டு பச்சையை அழுத்தினேன். ஒரு மனிதனின் நாளை நல்லபடியாக முடித்துவைக்க ஒரு விரல் போதும் என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு எல்லோருக்கும் அழுத்தினேன். ஒருவருக்குச் செய்துவிட்டு இன்னொருவருக்குச் செய்யாமலிருப்பது நியாயமில்லை. அவர்களும் நன்றி மறக்காதவர்கள். கொய்யா வரும், குளிர் தொடங்கியதும் வெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பு வரும். ரத்தன் மட்டும் சாரத்தில் ஏறியதும் கேமராவைப் பார்த்து இரண்டு கையாலும் கும்பிடுவான். இங்கே திரையில் அது எனக்கு நேராக விழும்.

டிசம்பரில் தீப்தி வந்தாள்.

"ஆன்ட்டி, இப்பல்லாம் சிவப்புக் கட்டமே வரமாட்டேங்குதே? உங்க பச்சையை வெச்சுத்தான் அது வாரா வாரம் படிக்குது. கொக்கி இல்லாம நின்னாலும் சரிதான்னு அது கத்துக்கிட்டா, நிஜமா ஒருத்தர் விழப்போற அன்னிக்கு வாயே திறக்காது. பார்த்துத்தானே அழுத்தறீங்க?"

"பார்த்துத்தான் கண்ணு."

அது பொய் இல்லை சார். ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் அழுத்தினேன். அவள் சொன்னதும் எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் அப்போது நிறுத்தியிருந்தால் சந்தேஷ் கொடுத்த கையெல்லாம் என்ன நினைக்கும்? பிறகும் எப்போதாவது ஒரு கட்டம் வரத்தான் செய்தது, அதற்கும் பச்சைதான். ஜனவரியில் அதுவும் நின்றது. ஒரு தப்பும் நடக்காத மாதம் என்று மானேஜர் கேக் வெட்டினார்.

இங்கே பிப்ரவரியில் வந்த சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, காலை பதினொரு மணி. ரத்தன் முப்பதடி உயரத்தில், கொக்கி இல்லாமல், ஈரப் பலகைமேல் நின்றான். கேமரா ஒன்றும் சொல்லவில்லை. நான் திரையில் பார்த்தேன். மேஜைமேல் ஒலிபெருக்கி மைக் இருக்கிறது. ஒரு வார்த்தை போதும். எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிக் கண்டிப்பது அவனுக்கு அவமானம் என்று விட்டுவிட்டேன். அவன் பிடியை விட்டு, வழக்கம்போல் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். நானும் இங்கிருந்து கும்பிட்டேன். நான் கையைப் பிரித்தபோது பலகைமேல் ஆள் இல்லை.

கும்பிட்டபடியே போவது எல்லோருக்கும் கிடைக்காது. அவன் பெண்ணிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் ஏனோ நான் கொண்டுபோன சாதத்தைத் தொடவில்லை.

கேமரா பழுது என்று எழுதிவிடாதீர்கள். நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தது. அவ்வளவு பணிவான மாணவனை நான் பார்த்ததில்லை. தீப்தியை அவள் கம்பெனி வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறதாம், அதுவும் சரியில்லை. அழுத்தியது எல்லாம் என் விரல்தான். கையெழுத்து எங்கே போடவேண்டுமோ காட்டுங்கள்.

போன வாரம் கேமராவுக்குப் படித்ததையெல்லாம் மறக்கவைத்துப் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். நன்றாகப் பார்க்கிறது. இன்று காலை பத்து இருபதுக்கு, ஹெல்மெட் இல்லாமல் நீங்கள் கிரேனுக்கு அடியில் நடந்துவந்ததைக்கூடச் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டியது. கவலைப்படாதீர்கள் சார், பச்சையை அழுத்திவிட்டேன்.