கோணல் மூக்குக்குக் காற்று

"உங்க மூக்குக்குள்ள ரோடே கோணலா இருக்குதுங்க. பாவம், அந்த மெஷினு எந்தப் பக்கமா காத்து அனுப்பும்?"

கடத்தூரிலிருந்து தருமபுரி போகும் பஸ்ஸில், முன்சீட்டில் இருந்த பெண் தன் கணவரிடம் இப்படிக் கேட்டாள். அவர் மடியில் ஒரு பை. தூக்கத்தில் மூச்சு நின்றுவிடாமல் காற்றடிக்கும் மெஷின் அதற்குள் இருந்தது.

"மெதுவா பேசு. பஸ்ஸுக்கே கேக்குது."

"உங்க குறட்டை தெருவுக்கே கேட்டுச்சு. அப்ப கூச்சமில்லையா?"

"மாஸ்க் மாட்டுனா மூக்கு அடைச்சுக்குது. வாயைத் தொறந்தா தொண்டை வறண்டுபோவுது. நான் என்னதான் பண்றது?"

"அதுக்குன்னு பத்து நாளா பரண்ல தூக்கிப் போட்டுடறதா? முந்தாநேத்து டிராக்டர் ஓட்டிக்கிட்டே தூங்கி வரப்புல ஏத்துனீங்களே, அதை டாக்டருகிட்டச் சொல்லுங்க."

"சொன்னா, எலும்பை நேராக்கணும், ஆபரேசன்னுவாரு."

"வாயும் சேத்து மூடுற மாஸ்க்கு இருக்குதாம். அதைக்கூடக் குடுப்பாரு. கேக்காமலே பயந்தா எப்படிங்க?"

"ஆபரேசன்ல மூஞ்சி மாறிப்போச்சுன்னா?"

"மாறட்டுமே. இருபத்தாறு வருசமா இதையேதான பாக்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"மெஷின் போடாத அன்னிக்கு உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதுங்க. உங்க நெஞ்சு மேல கைய வெச்சுக்கிட்டு நான் உக்காந்தே கெடக்கறேன்."

அவர் மடியில் சரிந்த பையை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். பிறகு, "நீயும் டாக்டர் ரூமுக்குள்ள வர்றியா?" என்றார்.

"வராம? தனியா வுட்டா, நல்லாத்தான் இருக்கறேன்னு சொல்லிட்டு வந்துடுவீங்க."