பாதி கேட்ட சட்டம்

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது ஐயா. ஐம்பத்திரண்டு வயதில் அன்றைக்குத்தான் முதன்முதலாக மதுக்கடைக்குப் போனேன். எந்தப் பிராந்தி என்று கேட்டார்கள். பெயர் தெரியாமல் விழித்தேன். கடைக்காரர் சிரித்துவிட்டு அவரே ஒரு குவார்ட்டர் எடுத்துக் கொடுத்தார்.

காண்ட்ராக்டர் உடையப்பன் என்று காரைக்குடியில் விசாரித்துப் பாருங்கள். கூலியைப் பிடித்து வைத்தான் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கண்டனூரில் ஒரு பெரிய வீட்டை ஹோட்டலாக மாற்றும் வேலை எடுத்திருந்தேன். ஆரோக்கிய பிரபு என்னிடம் ஆறு வருஷமாகப் பெயிண்டர். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களுக்கு லீவு. முகப்பு பாக்கி இருந்ததால் அவனை மட்டும் வரச் சொன்னேன். பன்னிரண்டரை மணி இருக்கும். சாரக் கயிறு அறுந்து மாடி உயரத்திலிருந்து விழுந்தான். கயிறு பழசுதான். பாதுகாப்பு பெல்ட்டும் நான் வாங்கித் தரவில்லை. இடுப்பு முறிந்து எழ முடியாமல் கிடந்தான், ஆனால் நினைவு நன்றாக இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன் செம்மலை என்ற கொத்தனாருக்கு என் வேலையில் கை போனது. நஷ்டஈடு கட்டியதில் ஒக்கூரில் இருந்த என் நிலம் போயிற்று. என் மனைவி விசாலி இன்றுவரை சொல்லிக் காட்டுவாள். அப்போது என் வக்கீல், "அவன் குடிச்சிருந்தான்னு நிரூபிச்சிருந்தா தப்பிச்சிருப்பீக" என்றார். பிரபு விழுந்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பயம் ஐயா. இன்னொருவனுக்காக நான் தெருவுக்கு வர முடியாது.

"ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன்ப்பா, வந்துரும்" என்றேன். சொல்லவில்லை. அவனுடைய செல்போன் மிதிபடக்கூடாதென்று என் பையில் வைத்துக்கொண்டேன். வெளிக்கதவைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் கல்யாணம் காட்சிக்கு மட்டும் திறக்கிற வீடுகள். எவ்வளவு கத்தினாலும் கேட்க ஆள் கிடையாது. நான் திரும்பி வந்தபோது அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

பாட்டிலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வேணாம்ணே. அனிதாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். பச்சத்தண்ணி குடுங்க."

வலி குறையும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னேன். பாட்டில் காலியானது. இரத்தத்தில் ஏற வேண்டுமே என்று அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் இருமினான். பிறகு மூச்சு கொரகொரவென்று வந்தது. அது நின்ற பிறகுதான் 108-க்குப் போன் செய்தேன்.

மது அருந்தியிருந்தார் என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு நிம்மதியாக வக்கீலிடம் போனேன். அவர் படித்துவிட்டு நிமிரவே இல்லை.

"குடிச்சிருந்தான்கிறதெல்லாம் ஆள் உசிரோட இருந்தாத்தான் எடுபடும். செத்துட்டா, குடிச்சிருந்தாலும் நீங்க குடுத்துத்தான் ஆகணும். அதுவும் இவன் இடுப்பு முறிஞ்சு சாகல. பிராந்தி நுரையீரலுக்குள்ள போயி செத்திருக்கான்."

அந்த மறுபாதியை அவர் செம்மலை வழக்கின்போதே சொல்லியிருக்கலாம். இன்றும் அவர்மேல் எனக்கு ஆத்திரம்தான்.

பிறகு பிரபுவின் மனைவி மரிய அனிதா வந்தாள். என்னை நல்லவன் என்று நம்பி வந்தாள். "காசு வந்துரும்னு சொல்லிட்டாகண்ணே. அவுக குடிக்கலைன்னு மட்டும் லேபர் ஆபீசுல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. குடிச்சுட்டு விழுந்தவன் மகன்னு என் பிள்ளைய ஸ்கூல்ல கேலி பண்றாக."

அன்று அவனோடு இருந்தது நான் ஒருத்தன்தான். குடிக்கவில்லை என்று சொன்னால், பிராந்தி எப்படி உள்ளே போனது என்று கேட்பார்கள். குடித்தான் என்று சொல்லவும் அவள் முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை. மூன்று வாரம் தினமும் வாசலில் வந்து நின்றாள். எந்தப் பக்கமும் போக வழியில்லாமல்தான் நானாக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

சத்தியம் செய்தவன் எப்படி வாயைத் திறந்தான் என்று கேட்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், அவன் குடிக்கவில்லை. அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நான்தான் ஊற்றினேன். அதைத் தவிர, ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட அவன்மேல் நான் கை வைத்ததில்லை ஐயா.