பச்சைப் பட்டன்மேல் சந்தனம்

ஆயுத பூஜைக்குப் பொரியை நான்தான் வாங்குவேன். பாடியில் ஒரு கடையில்தான் நமத்துப்போகாத பொரி கிடைக்கும். முதலாளி ஆன பிறகும் இந்த வேலையை யாரிடமும் விட்டதில்லை.

உட்காருங்கள், இன்ஸ்பெக்டர். அம்பத்தூர் எஸ்டேட்டில் முலாம் பூசும் ஆலை மனோகரன் என்றால் தெரியாதவர் இல்லை. தம்பி கிருபாகரன் கட்சியில் மாவட்டப் பொறுப்பில் இருக்கிறான். மகள் வர்ஷாவை உங்கள் துறையிலேயே பெரிய வீட்டில் கொடுத்திருக்கிறேன். இத்தனையையும் ஒரே நாளில் அழிக்கப் பார்த்தவன் என் மகன் அபிஷேக்.

நல்ல பையன். அதுதான் சிக்கல். எங்கள் கழிவுத் தொட்டியிலிருந்து ஏரிக்கு ஒரு குழாய் போகிறது. வெளியில் தெரியாது. பூஜைக்கு ஆட்கள் வருவதற்குள் தொட்டியில் இறங்கி அதைப் படம் எடுத்து, பூஜை விடுமுறை முடிந்ததும் அதிகாரிகளிடம் கொடுப்பதாக இருந்தான். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினான். அப்பாவிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்திருந்தேன்.

அந்தத் தொட்டியில் விஷவாயு தேங்கும். மேலே ப்ளோயர் ஓடிக் காற்று அனுப்பினால்தான் உள்ளே ஆள் நிற்க முடியும். அவனே அதைப் போட்டுவிட்டு இறங்கினான். நான் சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு மெஷினாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன்.

"அப்பா, காத்து வரலை. ப்ளோயரைப் பாருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பார்த்தேன். பச்சைப் பட்டன்மேல் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தேன்.

மெஷின் துடைக்க வந்திருந்த பிட்டர் வேம்புலி ஓடிவந்தான். "இன்னா மொதலாளி, ப்ளோயரு நின்னுகீது. தம்பி உள்ள கீறாரு."

"பொட்டு ஈரமா இருக்குடா. இன்னிக்கு சுவிட்ச்ல கை வைக்கக் கூடாது. கற்பூரம் காட்டிடறேன், இரு."

"பூஜ கெடக்குது நைனா, தள்ளுங்க."

நான் தள்ளி நிற்கவில்லை. அவனும் என்னைத் தள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் முன்னால் கைகட்டி நின்றவன். முதலாளியைத் தொடுவதைவிடத் தொட்டியில் குதிப்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

கற்பூரம் முழுதும் எரிந்தது. பூசணிக்காய் உடைத்தேன். முன்னறையில் என் மனைவி கோமளா சுண்டல் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு குறைத்துக் கட்டு என்றேன்.

வேம்புலியின் மனைவி விஜிக்கு ஆலை கேன்டீனில் வேலை கொடுத்துவிட்டேன். நான் கொடுக்கும் சோறு கோமளாவுக்கு இறங்குவதில்லை. விஜி கையால் கொடுத்தால் கொஞ்சம் சாப்பிடுகிறாள்.

கரண்ட் போனதால் ப்ளோயர் நின்றது என்று தம்பி கிருபாகரன் சொல்லச் சொன்னான். அப்படியானால் கரண்ட் வந்ததும் யாராவது பச்சைப் பட்டனை அழுத்தியிருப்பார்களே, பொட்டு எப்படிக் கலையாமல் இருந்தது என்கிறீர்கள். நல்ல கேள்வி. உங்களைப் பற்றிச் சம்பந்தி சொன்னது சரிதான்.

சிவப்புப் பட்டனை அழுத்தியது நான். ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆனால் கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். என் பையன்மேல் நான் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை.